மூன்றாவது மணி

தேவசகாயம் ஊர் ஊராக நாடகம் போட்ட காலத்தில் அவரிடம் ஒரு பித்தளை மணி இருந்தது. பல்கலைக்கழகக் கலைத்துறையில் வேலை கிடைத்தபோது அதையும் கையோடு கொண்டுவந்து மேசையில் வைத்தார். அங்கே 'இயக்குநர்' என்று பொறித்த ரப்பர் ஸ்டாம்ப் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது.

"அங்கேயும் இயக்குநர், இங்கேயும் இயக்குநர். என்ன வித்தியாசம்?" என்று ஸ்டாம்ப் மணியிடம் கேட்டது.

"அங்கே முதல் மணிக்கு ஆட்கள் உள்ளே வருவார்கள். இரண்டாவதுக்கு உட்காருவார்கள். மூன்றாவது மணி அடித்ததும் விளக்கை அணைப்பார்கள். அந்த இருட்டில் இவர் மூச்சுவிடுவது எனக்குக் கேட்கும்."

"இங்கே?"

"ஒரு தடவை அடித்ததுமே பியூன் வந்துவிடுகிறார்."

ஒருநாள் மாணவர்கள் நாடகம் போட அனுமதி கேட்டு வந்தார்கள். தேவசகாயம் கையெழுத்துப் போட்டார். ஸ்டாம்ப் ஓங்கி விழுந்தது.

"நீங்க கண்டிப்பா வரணும் சார்."

"பார்க்கலாம்ப்பா. ஃபைல் நிறைய கிடக்கு."

நாடகத்தன்று மாலையும் அவர் ஃபைல்களோடுதான் இருந்தார். எதிர்க்கட்டட அரங்கில் முதல் மணி ஒலித்தது. அவர் தலை நிமிரவில்லை. இரண்டாவது ஒலித்தபோது பேனாவை மூடினார். மூன்றாவது ஒலித்ததும் எழுந்துபோய்த் தன் அறை விளக்கை அணைத்தார்.

"நாடகம் இல்லாத அறையில் எதற்கு இருட்டு?" என்று ஸ்டாம்ப் பதறியது.

"பேசாதே," என்றது மணி. "மூச்சுவிடுகிறார்."