எடைக்கு எடை கதலி

"ஏட்டத்தி, இந்தத் தராசு தாங்குமா? இல்ல, புன்னத்தூர்க் கோட்டையில கோயில் யானையை நிறுக்கிற தராசைக் கொண்டுவரச் சொல்லலாமா?"

நாத்தனார் பிரீதா அண்ணி வத்சலாவிடம் கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். வரிசையில் முன்னால் நின்ற இரண்டு பேரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். வத்சலா சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பை மூடிக்கொண்டாள்.

குருவாயூரில் துலாபாரம். ஊர் பார்க்கத் தராசுத் தட்டில் உட்கார வேண்டும். எதிர்த்தட்டில் கதலிப் பழம் ஏறிக்கொண்டே போகும். தன் தட்டு தரையை விட்டு எழும்ப எத்தனை குலை வேண்டுமோ!

"கதலி தீர்ந்துபோச்சுன்னா மிச்சத்துக்கு வெல்லம் வைப்பாங்களா?" பிரீதா விடுவதாக இல்லை.

வேண்டிக்கொண்டவர் வத்சலாவின் கணவர் ரகுநாதன். என்ன வேண்டுதல் என்று கேட்டால் வாயைத் திறக்கவில்லை. "ஏட்டத்திக்கு எடை குறையணும்னுதான் இருக்கும்" என்று பிரீதாவே முடிவு கட்டிவிட்டாள்.

இரண்டாவது பிரசவத்துக்கு அம்மா வீட்டில் ஊட்டிய லேகியமும் நெய்யும் வத்சலாவின் உடம்பிலேயே தங்கிவிட்டன. அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்க ஆரம்பித்து இரண்டு வருஷம். ஆசையே வரவில்லை. வந்தாலும் வலி. அதைவிட, இந்த உடம்பில் அவர் கை படுமே என்ற கூச்சம். இப்படியே போனால் மனுஷன் மனசு விட்டுப்போகும் என்று பயந்து, திருச்சூர் லேடி டாக்டரிடம் தனியாகப் போய் அழுதாள்.

"இதுக்கு எதுக்கு அழுகை?" என்றார் டாக்டர். "எடை கூடி, சர்க்கரையும் ஏறினா ஹார்மோன் தடுமாறும். ஆசை குறையலாம், அங்கே வறட்சி வரலாம், வலிக்கலாம். எல்லாத்துக்கும் மருந்து இருக்கு. நட, கொஞ்சம் குறை. ஆனா மோளே, உனக்குப் பாதி வியாதி வெட்கம்தான். வீட்டுக்காரர்கிட்ட வாயைத் திறந்து பேசு."

மருந்து போட்டாள். நடந்தாள். கொஞ்சம் குறைந்தாள். பேசத்தான் வாய் வரவில்லை. போன வாரம் ஒரு நாள், விளக்கை அணைத்துவிட்டு அவர் பக்கமாகத் திரும்பிப் படுத்தாள். வலிக்கவில்லை. விடியும்வரை சந்தோஷமாக இருந்தாள்.

காலையில் கட்டன் சாயாவை உறிஞ்சிக்கொண்டே மனுஷன் சொன்ன முதல் வார்த்தை, "குருவாயூர்ல ஒரு துலாபாரம் பாக்கி இருக்கு."

இருட்டில் தெரிந்துகொண்டது போதாதென்று பகலில் நிறுத்தும் பார்க்க வேண்டுமா? நினைக்க நினைக்க வத்சலாவுக்கு நிலைகொள்ளவில்லை. வரிசையோ நகர்ந்துகொண்டே இருந்தது.

"ரகுவேட்டா, தலை சுத்துது. வீட்டுக்குப் போயிடலாம்."

"இதோ, வந்தாச்சு. கொஞ்சம் பொறு."

"இத்தனை பேர் முன்னாடி என்னை எதுக்கு..."

அவர் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. சட்டையில்லாத மார்பில் வழிந்த வேர்வையைத் துடைத்துத் துடைத்து, தராசையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்தது யாரு?" என்றார் தராசுக்காரர்.

வருவது வரட்டும் என்று வத்சலா ஓரடி எடுத்து வைத்தாள்.

"நீ எங்கே போறே?"

அவள் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டு, ரகுநாதனே போய்த் தட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தட்டு ணங்கென்று தரையைத் தொட்டது. தொப்பை மடியில் உட்கார்ந்தது. எதிரே குலை குலையாகக் கதலி ஏறியும் தட்டு லேசில் அசையவில்லை. பிரீதாவுக்கு இப்போது யானை ஞாபகம் வரவில்லை.

அவர் இறங்கி வந்ததும் வத்சலா கேட்டாள்.

"வேண்டுதல் உங்களுக்கா? எதுக்கு?"

ரகுநாதன் தோள் துண்டை எடுத்து அவசரமாகத் தொப்பையை மூடிக்கொண்டார். பிரீதா காதில் விழாதபடி குனிந்து சொன்னார்:

"நீ சுவரைப் பார்த்தே படுத்தியா... என் தொப்பை பிடிக்காமத்தான்னு நினைச்சுக்கிட்டேன். ஒரு தடவை நீ இந்தப் பக்கம் திரும்பினாப் போதும், என் எடைக்கு எடை கதலி தர்றேன்னு வேண்டிக்கிட்டேன்."