வாசலைப் பார்த்த பூட்ஸ்

"சனிக்கிழமை சவுனாவுக்குக் கூப்பிட்டா வர மாட்டேங்கிற ஆம்பளையை எங்கேயாவது பாத்திருக்கியா, ஹெல்கா?"

வேலியோரம் பனியைத் தள்ளிக்கொண்டே கேட்டாள் பக்கத்து வீட்டு சில்வி.

"கூச்சமா இருக்கும்க்கா."

"நாப்பத்தஞ்சு வயசுல என்னடி கூச்சம்? அந்த நீராவியில உக்காந்தா துணியும் இருக்கக் கூடாது, பொய்யும் பேசக் கூடாது. எங்க அப்பா அங்க வெச்சுதான் எல்லா உண்மையையும் கறப்பாரு. இந்த ஆர்வோ எதையோ மறைக்கிறான். நீ அவன்கூடப் பழகுறது ஊருக்கே தெரியும். சூதானமா இரு."

ஹெல்கா சிரித்து மழுப்பினாள். மறைப்பதில் அவளும் லேசுப்பட்டவள் இல்லை. இந்த ஏரிக்கரைக்கு அவள் குடிவந்ததே ஆர்வோவைக் கொல்லத்தான். கூலிக்கு ஆளை முடிப்பது அவள் தொழில்.

"விபத்து மாதிரி இருக்கணும்" என்று சொல்லி முதலாளி போட்டோவைக் கொடுத்திருந்தார். ஏன், எதற்கு என்று கேட்கிற வழக்கம் அந்தத் தொழிலில் கிடையாது.

சுலபமான வேலை என்றுதான் நினைத்தாள். சவுனா என்ற நீராவி அறையில் வியர்த்துவிட்டு, உறைந்த ஏரியில் வெட்டி வைத்த குழிக்குள் முங்கி எழுவார்கள். முங்கியவன் எழவில்லை என்றால், 'நெஞ்சு அடைச்சிருக்கும், பாவம்' என்று ஊரே முடித்துவிடும்.

ஆனால் ஆள் சவுனா பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

சரி, வேறு வழி பார்க்கலாம் என்று அவன் வீட்டுக்குக் காபி குடிக்கப் போக ஆரம்பித்தாள். அங்கேதான் வம்பு பிடித்தது.

அவள் தூங்கி எழுவதற்குள் அவளுடைய வாசற்படிப் பனியை வாரி வைத்துவிடுவான். கம்பளிக் காலுறை கொடுத்தான். கடையில் வாங்கியதில்லை, அவனே பின்னியது. ஒன்று நீளம், ஒன்று குட்டை.

கொல்லப் போன இடத்தில் காலுறை பின்னித் தருகிறவனை என்னதான் செய்வது?

அதே ஆள் தெருவில் புதுக் கார் வந்தால் ஜன்னலை விட்டு விலகி நிற்பான். பழைய கதை எதைக் கேட்டாலும், "இன்னும் கொஞ்சம் காபி?" என்பான்.

நல்லவன் என்றால் முதலாளி ஏன் கொல்லச் சொல்கிறார்? கெட்டவன் என்றால் இவன் முகத்தைப் பார்க்காமல் ஏன் பொழுது போக மாட்டேன் என்கிறது?

அன்று காலை முதலாளி போன் செய்தார்.

"நாளைக்குள்ள முடிச்சிரு. வெறுங்கையோட வர்றவங்களுக்கு என்ன ஆகும்னு தெரியும்ல?"

தெரியும். அவளுக்குத் தெரிந்த இரண்டு பேர் அப்படித்தான் காணாமல் போனார்கள். யார் கைவரிசை என்றுதான் யாருக்கும் தெரியாது.

மதியம் ஆர்வோ வீட்டுக்குப் போனாள். வாசல் அறையில் பூட்ஸைக் கழற்றி, வழக்கம்போல முனை கதவைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். ஓட வேண்டி வந்தால் உடனே மாட்டிக்கொள்ளலாம். தொழில் பழக்கம். அவன் பூட்ஸ் எப்போதும்போல சுவரைப் பார்த்துக் கிடந்தது.

"ஆர்வோ, இப்பவே எங்கேயாவது போயிடு. ஏன்னு மட்டும் கேக்காத."

அவன் காபிக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"சவுனாவுக்கு அடுப்பு மூட்டட்டுமா?" என்றான்.

"பைத்தியமா உனக்கு? நான் என்ன சொல்றேன், நீ என்ன பேசுற?"

"நீ ஓடச் சொன்ன. இனிமே உன்கிட்ட எனக்குப் பொய் வேணாம். வா."

வீட்டை ஒட்டிய சவுனாவில் அடுப்பின் மேல் கல் சூடேறியது. அவன் தண்ணீரை ஊற்றியதும் நீராவி புஸ்ஸென்று கிளம்பியது. மரப்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். சவுனாவுக்கு வராமல் மறைக்க அவன் உடம்பில் தழும்போ காயமோ இல்லை, மச்சம் மட்டும்தான்.

"நீ என்னைக் கொல்ல வந்தவ" என்றான் ஆர்வோ. "முதல் நாளே தெரியும்."

ஹெல்கா சட்டென்று அவன் பக்கம் திரும்பினாள்.

"எப்படி?"

"வீட்டுக்கு வர்ற யாரும் பூட்ஸை வாசலைப் பார்த்து வைக்க மாட்டாங்க. நீ வெச்ச. எனக்கும் அதே பழக்கம்தான். நீ வந்த அன்னிக்குத்தான் என்னுதைச் சுவத்துப் பக்கம் திருப்பினேன்."

"அப்புறம் ஏன் சவுனாவுக்கு வரல? பயமா?"

"இங்க வந்தா உண்மையைச் சொல்லணும். சொல்லிட்டா, ஒண்ணு நீ என்னை முடிக்கணும், இல்ல வெறுங்கையோட திரும்பணும். நாள் தள்ளிப் பார்த்தேன்."

"லூசாடா நீ? ஓடித் தொலைஞ்சிருக்க வேண்டியதுதானே!"

"ஓடினா நீ வெறுங்கையோட போய் நிப்ப."

"நின்னா என்ன? யாரோ வந்து..."

"அந்த யாரோ நான்தான், ஹெல்கா."

அவள் பலகையில் சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள்.

"வெறுங்கையோட வர்றவங்களை முடிக்கிற வேலையை உன் முதலாளி எங்கிட்டதான் கொடுப்பார். கடைசியா வந்தவன் சின்னப் பையன். 'அந்தாள் குழந்தையைத் தூக்கி வெச்சிருந்தாருண்ணே, சுட மனசு வரல'ன்னு அழுதான். அவனையும் முடிச்சேன். அன்னிக்கு ராத்திரிதான் ஓடி வந்தேன். அந்த இடத்துல இப்ப வேற ஒருத்தன் இருப்பான். அவன்கிட்ட உன்னை அனுப்ப எனக்கு மனசு வரல."

ஹெல்கா அவன் தோளில் முகம் புதைத்து அழுதாள். அவனை வெறுப்பதா, கட்டிக்கொள்வதா என்று புரியாமலே இறுகக் கட்டிக்கொண்டாள்.

உடுத்திக்கொண்டு வாசல் அறைக்கு வந்தவள், அப்போதுதான் கவனித்தாள்.

அவளுடைய பூட்ஸை ஒட்டி அவனுடையதும் வாசலைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது.