எழும்பு ராசா

“எழும்பேல்லை... இஞ்சருங்கோ, அவன் இன்னும் எழும்பேல்லை!”

ஜோசப்பின் தொலைக்காட்சிக்கு முன்னால் நிலத்திலேயே முழந்தாளிட்டுவிட்டாள். ஞாயிறு பூசைக்குக் கட்டிய சேலையைக்கூட இன்னும் மாற்றவில்லை.

திரையில், ரொறன்ரோ பேஸ்போல் அணியின் அவுட்ஃபீல்டர் சுவரடியில் குப்புறக் கிடந்தான். உயரப் பறந்த பந்தை அண்ணாந்து பார்த்தபடியே ஓடியவன் சுவரைக் கவனிக்கவில்லை. ஓடிய வேகத்திலேயே மோதி விழுந்திருந்தான்.

கைபேசி அடித்தது. யூனியன்வில்லில் இருந்து அவளுடைய மச்சாள் றெஜினா.

“ரீவி பாத்துக்கொண்டுதானே இருக்கிறியள்?”

“ஓம் மச்சாள். அவன் இன்னும் அசையேல்லை.”

“பயப்பிடாதேங்கோ. இவ்வளவு வருசமா மாதாவை மன்றாடினது வீண்போகாது. எல்லாம் எங்கட பிள்ளைக்கு நல்லதாத்தான் முடியும்.”

“அப்பிடிச் சொல்லாதேங்கோ மச்சாள்... தயவுசெய்து சொல்லாதேங்கோ.” ஜோசப்பின் கைபேசியை வைத்துவிட்டாள்.

மைதானத்தின் கோடியில் நின்று, வருகிற பந்தைத் துரத்திப் பிடிப்பதுதான் அவுட்ஃபீல்டரின் வேலை. மகன் கிருபன் அதையே தொழிலாக எடுத்த நாளிலிருந்து அவளுக்கு அந்தச் சுவரைக் கண்டாலே பயம்.

“கிரிக்கெற் எண்டாலும் பரவாயில்லை, உதென்ன விளையாட்டு?” என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். கிருபன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெயர் தெரியாத அமெரிக்க ஊர்களுக்கு விடிய விடிய பஸ்ஸில் போனான். பாணும் பீனட் பட்டருமே சாப்பாடு. ஒருமுறை முழங்கால் சவ்வு கிழிந்து கோடை முழுக்கப் படுத்த படுக்கையாகக் கிடந்தான். இந்த மாசியில் பயிற்சிக்குப் புறப்படும்போது, “எனக்கும் வயசு போகுது அம்மா. இந்த வருசத்தோட ஒரு முடிவு தெரிஞ்சிடும்” என்றான். அந்த வார்த்தை அவள் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

திரையில் வைத்தியர் ஓடிவந்து குனிந்தார். காயம்பட்டவர்களை ஏற்றுகிற சின்ன வண்டி உள்ளே வந்தது.

“ஐயோ, வண்டி வருது. நீங்களும் ஒருக்கா மன்றாடுங்கோவன்!”

கதிரை விளிம்பில் இருந்த கணவர் கிறிஸ்துநாயகம் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வெக்ஸ்போர்ட் பூங்காவில், சின்னக் கிருபனுக்கு வானம் முட்டப் பந்து எறிந்து பழக்கியவர் அவர்தான். வேர்த்த உள்ளங்கைகளைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

“என்னெண்டு மன்றாடச் சொல்லுறீர்?” என்றார்.

ஜோசப்பின் திரும்பித் திரையைத் தொட்டாள். அந்த இளம் முதுகை விரல்களால் தடவினாள்.

“எழும்பு ராசா. மாதாவே, இந்தப் பிள்ளையை எழுப்பிவிடு தாயே. வேற ஒண்டும் நான் கேக்கேல்லை.”

ஒரு கால் அசைந்தது. பிறகு ஒரு கை புல்லில் ஊன்றியது. அவன் மெல்ல எழுந்து உட்கார்ந்தான்; வைத்தியர் கேட்டதற்கெல்லாம் தலையாட்டினான்; எழுந்து நின்று தோளைச் சுழற்றிக் காட்டினான். பிறகு தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டு, தான் நின்ற இடத்துக்கே நடந்தான். வெறும் வண்டி திரும்பிப் போனது. அரங்கம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது.

“எழும்பிற்றான்! பாத்தியளே, எழும்பிற்றான்!” ஜோசப்பின் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினாள்.

கிறிஸ்துநாயகம் எழுந்து குசினிக்குள் போனார். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடும் சத்தம் கேட்டது. கண்ணீர் வந்தால் அவர் அப்படித்தான், முகம் கழுவப் போய்விடுவார்.

மேசையில் கைபேசி மறுபடியும் அடித்தது.

“அம்மா, அவனுக்கு ஒண்டுமில்லைத்தானே?” பஃபலோவில், அதே ரொறன்ரோவின் இரண்டாம்நிலை அணியில் ஆடிவந்த கிருபனின் குரல்.

“ஒண்டுமில்லை அப்பன். திரும்பவும் விளையாடுறான்.”

“தாங்க் காட். நல்ல பெடியன் அம்மா அவன்.” கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. “இனி அவன்ர இடத்தில நான்தான், உடன ரொறன்ரோவுக்கு வெளிக்கிடு எண்டு கோச் சொல்லி, நான் காருக்குள்ளயும் ஏறிற்றன்... இப்ப இறங்கச் சொல்லிப்போட்டினம்.”