மாடிப்படி விளக்கு

புதிய சுவிட்சை அழுத்தினார்.

விளக்கு எரியவில்லை.

மறுபடி அழுத்தினார். மறுபடி.

பழையது கருகிப் பொறி பறந்ததால் அவரே கழற்றிவிட்டு மாட்டியது இது. எலக்ட்ரீஷியன் நாளைக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். இன்று சாயங்காலமும் அவர் மனைவி இந்தப் படியில் இறங்கி வருவாள். வெளியே மேகம் மூடிக் கிடந்தது. படிக்கட்டில் இப்போதே இருட்டு.

அதே விளக்குக்கு மேலேயும் ஒரு சுவிட்ச் உண்டு. எங்கிருந்தும் போடலாம், எங்கிருந்தும் அணைக்கலாம். நேற்றுவரை அப்படித்தான் இருந்தது.

சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினார். மேல் சுவிட்சை அழுத்தினார். எரிந்தது.

இறங்கி வந்து கீழே அணைத்தார். அணைந்தது. சந்தோஷமாக இருந்தது.

மறுபடி ஏறிப்போய் மேலே அழுத்தினார்.

ஒன்றுமில்லை.

இறங்கினார். முழங்கால் விண்ணென்றது. மூன்றாவது முறை ஏறக் காலெடுத்து வைத்தபோது மாடி அறைக் கதவு திறந்தது.

"அந்தக் காலோட எதுக்கு ஏறி இறங்குதீங்க? நான் இங்கன நிக்கேன். என்ன செய்யணும்னு சொல்லுங்க."

அவர் காலைக் கீழே வைத்தார்.

மாசியிலிருந்து அவள் மேலேதான். மகனின் அறையில். கீழே வந்து சமைப்பாள். அவருக்கு எடுத்து மூடி வைப்பாள். தன் தட்டோடு ஏறிவிடுவாள். பேச்சு கிடையாது.

மகனை மாத்திரை வாங்கிவர அனுப்பியது அவர்தான். அவருடைய பிரஷர் மாத்திரை. தூறல் விழுந்துகொண்டிருந்தது. பைக் சாவியை எடுத்துக் கொடுத்ததும் அவர்தான். பைபாஸ் திருப்பத்தில் லாரி.

"சொல்லுங்க."

"போடு" என்றார்.

"போட்டாச்சு."

எரியவில்லை. கீழே அழுத்தினார். எரிந்தது.

"இப்ப அணை."

அணைந்தது. கீழே எத்தனை முறை அழுத்தியும் பிறகு எரியவில்லை.

"ரெண்டும் போட்டிருந்தாத்தான் எரியுது, கனி. ஒண்ண அணைச்சா மத்தது வேலை செய்யல."

அவள் பெயரைச் சொல்லிவிட்டோம் என்பது சொன்ன பிறகுதான் தெரிந்தது.

மேலே அவள் படியின் விளிம்புக்கு நகர்ந்தாள்.

"நடுவுல எந்தக் கம்பியக் கொடுத்தீங்க?"

"தெரியல. மூணும் ஒரே செவப்பு. கழட்டும்போது பாத்து வைக்கல."

"கரண்டு வார கம்பி கீழ நடுவுல இருக்கணும். மேல, பல்புக்குப் போறது நடுவுல."

அவர் அண்ணாந்து பார்த்தார்.

"மேல சுவிட்ச மாத்தும்போது அவன் சொன்னான்" என்றாள். "நான்தான் டார்ச் புடிச்சேன்."

அவன்.

இத்தனை மாதத்தில் இந்த வீட்டில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை.

அவர் குனிந்து மெயினை அணைத்தார். மாடியில் ஓடிக்கொண்டிருந்த ஃபேன் மெல்ல அடங்கியது. சுவிட்ச் பெட்டியின் திருகுகளைக் கழற்றினார்.

"மெயின அணைச்சிட்டீங்களா?"

"அணைச்சிட்டேன்."

"நெசமா?"

"நெசமா."

"டெஸ்டர் வச்சுப் பாத்துட்டுத் தொடுங்க."

இரண்டு படி இறங்கி வந்திருந்தாள். அவர் டெஸ்டரை வைத்து அவளுக்குத் தெரியும்படி பிடித்துக் காட்டினார்.

மூன்று கம்பிகளையும் சுவிட்சிலிருந்து எடுத்து, ஒன்றோடொன்று படாமல் விலக்கி வைத்தார். மெயினைப் போட்டார். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். ஓரத்துக் கம்பியில் மட்டும் டெஸ்டர் மினுங்கியது. மறுபடி மெயினை அணைத்து, அதை நடுத் திருகிலும் மற்ற இரண்டை ஓரங்களிலும் கொடுத்தார். இறுக்கப் போனார். இருட்டில் திருகின் வாய் தட்டுப்படவில்லை.

அவள் மேலிருந்து செல்போன் வெளிச்சத்தை அடித்தாள். அவர் கைமேல் அது அசையாமல் நின்றது.

இறுக்கிவிட்டு மூடியை மாட்டினார். மெயினைப் போட்டார்.

"கீழ போடுதேன்."

எரிந்தது.

"நீ அணை."

அணைந்தது.

"இப்ப நான்."

எரிந்தது.

"சரியாயிட்டு" என்றாள்.

வெளிச்சத்தில் அவளைப் பார்த்தார். தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. எப்போது நரைத்தது என்று அவருக்குத் தெரியாது. அவளும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தொளதொளத்த சட்டையை. கன்னத்தில் விழுந்திருந்த குழியை.

அவர் ஸ்க்ரூடிரைவரைத் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

"நீங்க அனுப்பலேன்னாலும் அன்னைக்கு அவன் போயிருப்பான்" என்றாள்.

அவர் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"பைபாஸுக்கு அந்தப் பக்கம் சிநேகிதன் வீட்டுக்கு. மழையில போகாதடான்னு சொன்னேன். கேக்கல. சட்டைய மாத்திட்டு நின்னான். சாவிய எங்கம்மான்னு எங்கிட்டதான் கேட்டான். அந்நேரம்தான் நீங்க மாத்திரைன்னு கூப்பிட்டீங்க."

ஸ்க்ரூடிரைவர் கையிலேயே இருந்தது.

"எனக்குத் தெரியும். தெரிஞ்சும் உங்ககிட்டச் சொல்லல."

அவர் படியில் உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. சத்தம் வரவில்லை. பிறகு வந்தது. மாசியில்கூட வராத சத்தம்.

அவள் இறங்கத் தொடங்கினாள். கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக.

அவருக்கு மேல்படியில் வந்து நின்றாள்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை. சுவரோரமாக நகர்ந்து உட்கார்ந்தார்.

பக்கத்தில் ஓர் ஆள் உட்கார இடம் இருந்தது.