ஓட்டிக் காட்டாத கார்

கார் விற்கும் கதை என்றால் விற்பவர் இருப்பார், வாங்குபவர் இருப்பார், நடுவில் பேரம் இருக்கும். விற்பவரின் மனைவிக்கு அதில் இடம் கிடையாது. கொடுத்தாலும், காரியத்தைக் கெடுக்க வந்தவள் என்றுதான் கொடுப்பார்கள்.

இந்த வீட்டிலும் அப்படித்தான்.

ஷெட்டில் நீல நிற ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் நின்றது. வீட்டுக்காரர் பல வருடங்களாகப் பார்த்துப் பார்த்து மாற்றியமைத்தது. வாங்க வந்த இளைஞன் அதையே சுற்றிச் சுற்றி வந்தான். அவனை அழைத்து வந்தவன் அவருடைய தம்பி.

“டர்போ தனியா வாங்கிப் போட்டது. சஸ்பென்ஷன், சீட்டு, வீல், சைலன்சர் எல்லாமே மாத்தினது,” என்று தம்பி அடுக்கினான்.

“அப்ப ஜப்பான்காரன் செஞ்சதுல என்னதான் மிச்சம்?” என்று கேட்டான் இளைஞன்.

“கதவும் கண்ணாடியும்,” என்றாள் வாசலில் நின்ற மனைவி.

அவர் சிரித்துவிட்டார். தம்பி சிரிக்கவில்லை.

“அண்ணிக்கு இந்த வண்டியைக் கண்டாலே ஆகாது. இல்லேன்னா எங்கண்ணன் இதை விக்கிற ஆளா?”

“ஆமா, ஆகாதுதான். விக்காம நான் விடப் போறதில்ல.”

இளைஞன் சங்கடத்தில் நெளிந்தான். பிறகு அவரிடம் திரும்பினான்.

“சார், ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுங்க. இப்படி மாத்தின வண்டியை, மாத்தினவர் ஓட்டும்போது பக்கத்துல உக்காந்து பார்த்துத்தான் வாங்கணும். எங்க பசங்க எல்லாரும் அப்படித்தான். அவர் தயங்கினா வண்டியில ஏதோ கோளாறுன்னு அர்த்தம்.”

“தாராளமா! ஏறுண்ணே,” என்றான் தம்பி.

அவர் ஏறவில்லை. சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி நின்றார். இளைஞனின் முகத்தில் சந்தேகம் தட்டியது.

மனைவி இறங்கி வந்து அவர் கையிலிருந்த சாவியைப் பிடுங்கினாள்.

“அவர் ஓட்ட மாட்டார். இனிமே இதுல ஏறினா வீட்டுக்குள்ள வரக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன். இந்தாங்க, நீங்களே ஓட்டுங்க. எவ்வளவு தூரம் வேணும்னாலும் போங்க. கோளாறு இருந்தா கொண்டு வந்து விட்டுட்டுப் போயிடுங்க.”

“அண்ணி! எங்கண்ணன் என்னையே இதைத் தொட விட்டதில்ல!”

“அதான் இப்ப நான் விடறேனே. பக்கத்துல உக்காந்து போயிட்டு வாங்க.”

“என்னண்ணே, வாயத் தொறந்து ஒரு வார்த்தை பேசக் கூடாதா? இப்படியா பயப்படுவே?”

“அவ சொன்னா சொன்னதுதான்டா,” என்றார் அவர்.

போனார்கள். திரும்பி வந்தபோது இளைஞனின் முகத்தில் பல்லைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. பேரம் பேசாமலே கை கொடுத்தான். அன்றே எல்லாம் முடிந்தது.

புறப்படும்போது தம்பி, அவள் காதில் விழட்டும் என்றே சொன்னான்: “எனக்கு வாய்க்கிறவளாவது மனுஷியா வரணும்.”

தெருமுனையில் கார் திரும்பி, சத்தம் அடங்கும்வரை கணவனும் மனைவியும் அங்கேயே நின்றார்கள். பிறகு அவர் வீட்டை நோக்கி நடந்தார்.

“இடப் பக்கம் ஜாக் கிடக்கு. தள்ளி வாங்க,” என்றாள் அவள்.

வண்டியைத் தூக்கும் ஜாக் காலடியில்தான் கிடந்தது. அவருக்கு அது தெரியவில்லை. நேரே இருப்பது மட்டும்தான் இப்போது தெரிகிறது. பார்வையின் ஓரங்கள் அழிந்துகொண்டே வருகின்றன. இனி ஸ்டீயரிங் பக்கம் போகவே கூடாது என்று கண் மருத்துவர் சொல்லிவிட்டார். அது இவர்கள் இருவருக்கு மட்டுமே தெரியும்.

“அவன் உன்னை என்னென்னவோ பேசிட்டான். பழியை ஏத்துக்கோன்னு நான் கேட்டேனா?”

“கேட்டிருந்தா மாட்டேன்னிருப்பேன். பெண்டாட்டிக்குப் பயந்தவர்னா சிரிச்சுட்டுப் போயிடுவாங்க. கண்ணு போச்சுன்னா ‘ஐயோ பாவம்’பாங்க. அதை உங்களால ஒரு நாள் தாங்க முடியுமா?”

அவர் கையை நீட்டினார். அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.

அதன் பிறகு அவள் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். ஒரு சாதாரணச் சின்னக் காரில் தினமும் அவரை அலுவலகத்தில் கொண்டுபோய் விடுகிறாள். புருஷனை ஸ்டீயரிங்கைக்கூடத் தொட விடாத ராட்சசி என்று சொந்தத்தில் அவளுக்குப் பெயர். இன்றுவரை அவள் அதை மறுக்கவில்லை.