நிரம்பிய காலண்டர்

ஓர் அலுவலகக் கம்ப்யூட்டருக்குள் ஒரு காலண்டர் கட்டம் கட்டமாக வெறுமையாய்க் கிடந்தது. ஒருநாள், அங்கே பழுது பார்க்கும் மேகலா, ஒரு வரி நிரல்கூட எழுதாமல், திரையில் நாலு பெட்டிகளை இழுத்துக் கோத்து ஓர் இணைப்பானை உண்டாக்கினாள். புகார்ப் பெட்டிக்கு எது வந்தாலும், அதற்குக் காலண்டரில் நேரம் குறிப்பது அதன் வேலை.

காலண்டருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"அக்கா, மவுஸ் நகரவில்லையாம்!" என்று கூவியது இணைப்பான்.

"ஒன்பது மணிக்குப் போடு!" என்றது காலண்டர்.

"மவுஸ் சரியாகிவிட்டதாம். நன்றி சொல்லிப் பதில் வந்திருக்கிறது!"

"அதையும் போடு! பத்து மணி!"

மேகலா அந்த நன்றிக்கும் நேரில் போய் நின்றாள். வந்ததற்கு இன்னொரு நன்றி வந்தது. அதுவும் காலண்டரில் ஏறியது.

மூலையிலிருந்த பிரிண்டர் காலண்டரிடம் பதறியது. "தாயே, என் வாயில் காகிதம் சிக்கியிருக்கிறது. சாயங்காலத்துக்குள் சரியாகாவிட்டால் பழைய சாமான் வண்டியில் ஏற்றிவிடுவார்களாம். இன்றைக்கு ஒரு கால் மணி நேரம் கொடேன்."

"இன்றைக்கு மூச்சுவிட இடமில்லையப்பா! நாளைக் காலையில் முதல் ஆளாக உன்னைத்தான் போட்டிருக்கிறேன். அப்புறம் என்ன?"

சாயங்காலம் வண்டி வந்தது. பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

"அக்கா, புதுப் புகார்! பிரிண்டரைக் காணோமாம்! எங்கே போடட்டும்?"

காலண்டர் பூரித்துப்போனது. "நாளைக் காலை முதல் இடம் இப்போதுதான் காலியாயிற்று. அங்கே போடு!"