அப்பாவின் ஃபிளாட்

"ஃபிளாட் சின்னதுதான். லைட்டை மாத்திப் பார்த்ததுல எல்லையெல்லாம் சுத்தமா தெரியுது. துண்டு துண்டா வேணாம், மொத்தமா எடுத்துடலாம்."

திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் பேசியது டாக்டர். இந்தப் பக்கம், முதுகு திறந்த பச்சை அங்கியோடு ஒருக்களித்துக் கிடந்த பெரியவர் காதைத் தீட்டிக்கொண்டார்.

"அப்பா ஒத்துக்கணுமே டாக்டர். கையெழுத்துன்னாலே சந்தேகப்படுவார்" என்றான் அவர் மகன்.

பெரியவர் லாரி ஓட்டிப் பிழைத்தவர். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது கிளீனர் "வரலாம் வரலாம்" என்று கத்தினாலும் நம்பாமல், இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். இன்று குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்க வந்த இடத்திலும், மயங்கிக் கிடக்கும்போது கைநாட்டு வாங்கிவிடுவார்கள் என்று பயந்து, மயக்க ஊசியே வேண்டாமென்று சாதித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு இப்போதுதான் ஒருவழியாக அதை முடித்திருந்தார்.

ஆக, சங்கதி இதுதான். நேற்று மகன் லீவு போட்டு, பேதி மருந்தைக் கரைத்துக் கரைத்துக் கொடுத்து, கழிவறை வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது சும்மா இல்லை. காலையில் தங்கையோடு போனில் அப்படிச் சிரித்துச் சிரித்துப் பேசினானே, அதுவும் அவளைக் கைக்குள் போட்டுக்கொள்ளத்தான். அவர் உடம்பைத் தேய்த்துச் சம்பாதித்தது அந்த இரண்டு அறை ஃபிளாட் ஒன்றுதான். அதையும் பிடுங்கப் பார்க்கிறார்கள், இந்த டாக்டரே புரோக்கர்.

"தள்ளிப் போடாதீங்க, பின்னால பெரிய சிக்கலாயிடும்" என்று டாக்டர் சொன்னதுதான் தாமதம், பெரியவர் எழுந்துவிட்டார். ஒரு கையால் அங்கியைப் பின்பக்கம் பிடித்துக்கொண்டு, மறு கையால் திரையை இழுத்தார்.

"ஃபிளாட்டா வேணும்? அதைப் போன மாசமே உன் தங்கச்சி பேருக்கு எழுதிக் குடுத்துட்டேன்டா. முடிஞ்சா எடுத்துக்க."

நர்ஸ் குனிந்துகொண்டார். டாக்டர் டிவியைப் போன்ற பெட்டியை அவர் பக்கம் திருப்பினார். சாதாரண வெளிச்சத்தில் எடுத்த படத்தில் குடல் சுவர் வழவழவென்று இருந்தது, ஒரு குறையும் இல்லை. நீலமும் பச்சையுமான வெளிச்சத்துக்கு மாற்றி எடுத்த படத்தில், அதே இடத்தில் பழுப்பாய் ஒரு திட்டு. நீலச் சாயம் தெளித்து எடுத்ததில் அதன் ஓரம் கோடு கிழித்த மாதிரி நின்றது.

மேடு கட்டாமல் சுவரோடு சுவராகப் படர்ந்திருப்பதால் அதற்கு ஃபிளாட் என்று பெயராம். இப்போதே எடுத்தால் அதோடு போயிற்றாம், விட்டால் புற்றாக மாறினாலும் மாறுமாம்.

பட்டனைத் தட்டி வெளிச்சத்தை மாற்றினால் வியாதி வருகிறதே, அது எப்படி என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்கிற யோக்கியதை போய்விட்டதால் விழுங்கிக்கொண்டார். மகனுக்குத் தெரியக்கூடாது என்று கட்டிக் காத்ததைத் தன் வாயாலேயே கொட்டியாகிவிட்டது. அந்த ஆவேசத்தில் அங்கியைப் பிடித்திருந்த கையும் எப்போதோ நழுவியிருந்தது.

"உன்கிட்ட அப்புறமா சொல்லிக்கலாம்னுதான்..." என்று இழுத்தார்.

மகன் அவருக்குப் பின்னால் போய், அங்கியின் நாடாக்களை இழுத்து முடிச்சுப் போட்டான்.

"அவ அன்னைக்கே சொல்லிட்டாப்பா. கையெழுத்தைப் போடுங்க."